பெட்டைக் குதிரைக்குப் பருவ ஊசி போடுவதற்கு முன்னால்

ஏற்காடு ஏரிப் பக்கம் சவாரி விடுகிறவர்களும் சரி, கீழே சேலத்தில் ஆசைக்கு ஒன்றிரண்டு கட்டி வைத்திருப்பவர்களும் சரி, போனை எடுத்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, குதிரை பருவத்துக்கே வர மாட்டேங்குது, என்ன ஊசி போடணும்?" நான் டாக்டர் இல்லை. மலை அடிவாரத்தில் மூன்று பெட்டைகள் வைத்திருக்கிறேன், பதினோரு வருஷமாகக் குட்டி எடுக்கிறேன், அவ்வளவுதான். அதனால் பதிலுக்கு நானும் ஒரு கேள்வி கேட்பேன். கடைசியாக அது வாலைத் தூக்கி நின்றது எந்தத் தேதி? அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

பருவத்துக்கு வராத மூன்று குதிரைகளை வரிசையாக நிறுத்தினால், வெளியே பார்ப்பதற்கு மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். ஒன்று ஏற்கெனவே சினையாக இருக்கலாம். இன்னொன்றின் சினைப்பையில், போன தடவை முட்டை வெளியான இடத்தில் கட்டிய பழைய மஞ்சள் உடலம் கரையாமல் உட்கார்ந்திருக்கலாம். மூன்றாவதன் சினைப்பை ஒரு வேலையும் பார்க்காமல் தூங்கிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும், அந்த மஞ்சள் உடலத்தைக் கரைக்கிற ஒரே புராஸ்டாகிளாண்டின் ஊசியைப் போட்டால், முதலாவதற்குக் கரு கலைந்து போகும், இரண்டாவது நாலு நாளில் பருவத்துக்கு வரும், மூன்றாவதற்கு வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். ஊசி ஒன்று, பலன் மூன்று. ஆகவே எந்த ஊசி என்பதற்கு முன்னால், நம் குதிரை இந்த மூன்றில் எது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் ஸ்கேன், அதைவிட முக்கியமாக ஒரு நோட்டு.

மாட்டுக் கணக்கு இங்கே செல்லாது

நம்மில் முக்கால்வாசிப் பேர் மாடு வளர்த்துப் பழகியவர்கள், தப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. மாட்டுக்குப் பருவம் ஒரு நாள்கூட முழுசாக நிற்காது, காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி என்று ஓடுவோம், முட்டை வெளியாவதே பருவம் அடங்கிய பிறகுதான். குதிரைக்கு அப்படியில்லை. சுற்று 21, 22 நாள்; அதில் பருவம் மட்டும் ஐந்து முதல் ஏழு நாள், சிலதுக்குப் பத்து நாள்கூட இழுக்கும். முட்டை வெளியாவது பருவம் முடிவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்னால். அதாவது வாலைத் தூக்கிய முதல் நாளே பொலிகுதிரையிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு, 'சேர்த்தாச்சு' என்று வீட்டுக்கு வந்தால், விந்து காத்திருந்து காத்திருந்து ஓய்ந்த பிறகுதான் முட்டை வரும். நல்ல பொலிகுதிரையின் விந்து உள்ளே இரண்டு நாள் தாராளமாகத் தாங்கும், முட்டையோ வெளிவந்த பிறகு அரை நாள் தாங்கினால் அதிகம். ஆகவே விந்து முன்னாலேயே போய்க் காத்திருக்க வேண்டும், ஆனால் நாலைந்து நாள் காக்க வைக்கக் கூடாது. ஊசி எதுவும் இல்லாமல் சேர்ப்பதென்றால், பருவத்தின் இரண்டாம் மூன்றாம் நாளில் ஆரம்பித்து, அது பொலிகுதிரையை உதைத்துத் தள்ளுகிற வரைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடுங்கள், போதும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால் ஊசிகள் எல்லாம் தானாகப் புரியும். மூளையின் அடியிலிருந்து ஜி.என்.ஆர்.ஹெச். என்ற ஹார்மோன் துளித்துளியாக இறங்குகிறது, அது பிட்யூட்டரியைத் தட்டுகிறது, பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். இரண்டையும் விடுகிறது. முதலாவது சினைப்பையில் நீர்க்கொப்புளம் மாதிரியான ஃபாலிக்கிள்களை வளர்க்கும், அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு நாளைக்குச் சுமார் 3 மி.மீ. பெருக்கும். அது பெருக்கப் பெருக்க ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், அதுதான் வாலைத் தூக்க வைப்பது. 40 மி.மீ. பக்கம் போனதும் எல்.ஹெச். ஏறி ஃபாலிக்கிள் வெடித்து முட்டை வெளியாகும். மாட்டில் இந்த எல்.ஹெச். ஒரே மூச்சில் எகிறி இறங்கிவிடும். குதிரையில் நாள் கணக்கில் மெதுவாக ஏறி, முட்டை வெளியான பிறகுதான் உச்சிக்கே போகும். குதிரைக்கு 'இன்றைக்கா நாளைக்கா' என்று சொல்லத் தெரியாமல் டாக்டர்களே முழிப்பதற்கு இந்த மெத்தனம்தான் காரணம்.

வெடித்த இடத்தில் ரத்தம் நிறைந்து, அது மஞ்சள் உடலமாகக் கட்டிக்கொள்ளும். டாக்டர்கள் சி.எல். என்பார்கள். இது சுரக்கிற புரோஜெஸ்ட்ரோன் இருக்கும் வரை குதிரைக்குப் பொலிகுதிரை எதிரி. காதைப் பின்னால் மடக்கும், கிறீச்சிடும், உதைக்கும். முட்டை வெளியாகி 14, 15 நாள் ஆனதும் கருப்பை தன் பங்குக்கு ஒரு சோதனை வைக்கிறது: உள்ளே கரு இருக்கிறதா? இருந்தால் அந்தச் சின்னக் கரு சும்மா ஒரு மூலையில் இருக்காது, கருப்பையின் இரண்டு கொம்புகளிலும் மேலும் கீழும் சுற்றித் திரிந்து 'நான் இருக்கிறேன்' என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டு வரும். 16-ஆம் நாள் வாக்கில்தான் ஓரிடத்தில் நிற்கும். கரு இல்லையென்றால் கருப்பை புராஸ்டாகிளாண்டினைச் சுரந்து மஞ்சள் உடலத்தைக் கரைத்துவிடும், மறுபடி பருவம். நாம் கடையில் வாங்கிப் போடுகிற ஊசியும் அதே சரக்குதான். இயற்கை பதினைந்தாம் நாள் செய்வதை நாம் ஏழாம் நாளே செய்கிறோம், அவ்வளவுதான் சூட்சுமம்.

லைட் போட வேண்டுமா?

இணையத்தில் தேடினால் முதலில் வருவது விளக்குதான். குதிரை நீண்ட பகலில் பருவத்துக்கு வரும் இனம். இருட்டில் சுரக்கும் மெலடோனின் கூடினால் மூளை சினைப்பையைப் பூட்டிவிடும். குளிர் நாடுகளில் டிசம்பர் தொடக்கத்திலேயே லாயத்தில் 100 வாட் பல்பு போட்டு, பகலும் விளக்கும் சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் காட்டினால், 60, 70 நாள் கழித்துப் பருவத்துக்கு வரும். அங்கே அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1-தான் பிறந்தநாள், டிசம்பரில் பிறந்த குட்டிக்கு அடுத்த மாதமே ஒரு வயது ஆகிவிடும்.

நமக்கு எதற்கு அது? சேலத்தில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 80 நிமிடம்தான். நம் ஊரில் பல பெட்டைகள் மார்கழியிலும் பருவத்துக்கு வருவதை நானே எழுதி வைத்திருக்கிறேன். வராமல் நிற்கிறவற்றில் பெரும்பாலானவை இருட்டால் நிற்பதில்லை, எலும்பு தெரிவதால் நிற்கின்றன. சீசன் முழுக்கச் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்துவிட்டு, காய்ந்த சோளத்தட்டையும் ஒரு கை தவிடும் தின்கிற குதிரைக்கு எந்த ஹார்மோனைக் குத்தினாலும் சினைப்பை அசையாது. 1983-ல் அமெரிக்காவில் ஹென்னெகி என்பவர் குழுவோடு வகுத்த உடல் மதிப்பெண் ஒன்று இருக்கிறது, 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் கொழுத்த குதிரை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் ஆனால் கையை வைத்துத் தடவினால் லேசாகத் தட்டுப்பட்டால் அது 5. அதற்குக் கீழே இருந்தால் ஊசிக்கான காசில் கொள்ளும் நல்ல பசும்புல்லும் வாங்குங்கள், குடற்புழு மருந்து கொடுங்கள், இரண்டு மாதம் சவாரியைக் குறையுங்கள். மட்டக்குதிரை என்றால் இளக்காரமாக நினைத்து, கொள்ளு வைக்காமல் விட்டுவிடுகிறார்கள், அதுவும் குதிரைதானே.

நோட்டு

எழுதுகிற நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி லாயத்திலேயே தொங்க விடுங்கள். பொலிகுதிரையை, இல்லையென்றால் பக்கத்துக்காரர் வைத்திருக்கும் ஆண் மட்டக்குதிரையை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுவில் மரத்தடுப்பு இருக்கும்படி பெட்டையின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். என் குதிரைகளில் மல்லி என்று ஒன்று, அந்தியூர் சந்தையில் வாங்கியது. ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் சுழி பார்த்து, பல் பார்த்து, நடை பார்த்து வாங்கினோம், சினைப்பையைப் பார்க்கத்தான் அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அது பருவத்தில் இருந்தால் ஆண்குதிரை இருபது அடி தள்ளி நிற்கும்போதே திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டும், பின்னங்கால்களை அகட்டிக் கொஞ்சம் குந்தும், வாலை ஒரு பக்கமாக ஒதுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும், பிறப்புறுப்பின் உதடு விட்டு விட்டுச் சிமிட்டும். கரும்பி என்று இன்னொன்று, அது கல்லுளிமங்கி. எதையும் காட்டாது. முழுசாக ஐந்து நிமிடம் ஆண்குதிரை அருகிலேயே நிற்க வேண்டும், பிறகு காது மட்டும் மெல்ல முன்னால் வரும். குட்டி பக்கத்தில் இருந்தால் அதுவும் வராது. கரும்பி 'பருவத்துக்கே வரவில்லை' என்று ஒரு வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன், ஸ்கேனில் பார்த்தால் சுற்று சுற்றாக ஒழுங்காக வந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் கண்ணில்லை.

நோட்டில் எழுத வேண்டியது: தேதி, காட்டியதா காட்டவில்லையா, ஸ்கேன் எடுத்தால் எந்தப் பக்கச் சினைப்பையில் எத்தனை மி.மீ., போட்ட மருந்து. முட்டை வெளியான நாளைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணுங்கள். பருவம் தொடங்கிய நாளை வைத்து எண்ணினால் எல்லாக் கணக்கும் தடுமாறும், ஏனென்றால் பருவத்தின் நீளம்தான் மாறும், அதற்குப் பிறகு வரும் பதினைந்து நாள் பெரும்பாலும் மாறாது.

புராஸ்டாகிளாண்டின்

மாட்டு டாக்டரின் பெட்டியில் எப்போதும் இருக்கிற மருந்து இதுதான். டைனோபுரோஸ்ட் என்றால் குதிரைக்கு 5 முதல் 10 மி.கி., குளோபுரோஸ்டினால் என்றால் வழக்கமாக 250 மைக்ரோகிராம், இரண்டும் சதையில். அளவை டாக்டர்தான் எடையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், மாட்டுக்குப் போடுகிற அளவை அப்படியே போடக் கூடாது.

மஞ்சள் உடலம் பிறந்து முதல் ஐந்து நாள் இந்த மருந்துக்கு ஒழுங்காகக் கட்டுப்படாது. நான் முதல் தடவை சறுக்கியது இங்கேதான். மல்லியை அப்போது ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் விட்டிருந்தேன். பருவம் அடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது, பொலிகுதிரை வரத் தாமதமாகி அந்தச் சுற்று வீணாகிவிட்டது, 'சரி, உடனே அடுத்த பருவத்தைக் கொண்டு வந்துவிடலாம்' என்று டாக்டரை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வைத்தேன். என்றைக்கு முட்டை வெளியானது என்று அவர் கேட்டார், ஒரு வாரம் இருக்கும் சார் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். டிசம்பர் காலை, பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை, நானே ஸ்வெட்டரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஊசி போட்டுப் பதினைந்து நிமிடத்தில் மல்லியின் கழுத்தில் வேர்வை பொட்டுப் பொட்டாக அரும்பியது, பிறகு விலாவெல்லாம் நனைந்து முதுகிலிருந்து ஆவி எழுந்தது. முன்னங்காலால் தரையைப் பறித்தது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, தண்ணியாகச் சாணி போட்டது. எனக்கு வயிற்றுவலி வந்து செத்துவிடப் போகிறது என்று பயம். "ஒண்ணும் ஆகாது தம்பி, கயிற்றைப் பிடிச்சு மெதுவா நடத்துங்க, அரை மணி நேரத்துல சரியாயிடும்" என்றார். அப்படியே ஆனது. ஆனால் பருவம் வரவில்லை. கணக்கைப் பின்னால் திரும்பிப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பருவம் அடங்கி இரண்டு நாள் என்றால் முட்டை வெளியாகி மூன்று நாலு நாள்தான். ஒரு வாரம் இல்லை. குதிரை வேர்த்ததற்கும் மருந்து வேலை செய்ததற்கும் சம்பந்தமில்லை, மருந்து பலித்தாலும் பலிக்காவிட்டாலும் பல குதிரைகளுக்கு வேர்க்கும்.

ஆகவே முட்டை வெளியாகி ஐந்து நாளுக்குப் பிறகு, முடிந்தால் ஆறேழு நாளில் போடுங்கள். போட்ட மூன்று நாலு நாளில் பருவம் தெரியும். முட்டை சராசரியாக எட்டு முதல் பத்து நாளில் வெளியாகும், ஆனால் இந்தச் சராசரியை நம்பி ஊருக்குப் போய்விடாதீர்கள். ஊசி போடும் அன்றே சினைப்பையில் 35 மி.மீ.க்கு மேல் ஒரு ஃபாலிக்கிள் இருந்தால், அது பருவத்தைக் காட்டிக்கொள்ளாமலேயே இரண்டு நாளில் வெடித்துவிடலாம். சிறிதாக இருந்தால் பன்னிரண்டு நாள்கூட ஆகலாம். ஊசிக்கு முன்னால் ஒரு ஸ்கேன் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் காரணம் சினை. பழைய மஞ்சள் உடலம் இரண்டு மூன்று மாதம்கூடக் கரையாமல் நிற்பது உண்டு, அதற்கு இந்த ஊசிதான் மருந்து, ஆனால் சினைக் குதிரையும் அதே மாதிரிதான் நிற்கும். ஸ்கேன் வசதி இல்லையென்றால் ரத்தம் எடுத்துச் சேலத்தில் மனிதர்களுக்குப் பார்க்கிற லேபில் புரோஜெஸ்ட்ரோன் பார்க்கச் சொல்லலாம், புரோஜெஸ்ட்ரோன் மனிதனுக்கும் குதிரைக்கும் ஒரே மூலக்கூறுதான். ஒரு மில்லிக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் கரைப்பதற்கு மஞ்சள் உடலமே இல்லை என்று அர்த்தம், ஊசி தண்டம். ஆனால் கூடுதலாக இருந்தால் அது சினையா பழைய மஞ்சள் உடலமா என்று அந்த எண் சொல்லாது, அதற்குக் கையும் கண்ணும் வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. இந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் சிரிஞ்சைத் தொடவே கூடாது. லாயத்தில் வேலை செய்கிற அக்காவிடம் 'இதைக் கொஞ்சம் பிடிங்க' என்று நீட்டுகிற பழக்கத்தை விடுங்கள். கையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முட்டையை நேரத்துக்கு வரவழைப்பது

பருவம் வந்துவிட்டது. இப்போது என்றைக்கு வெடிக்கும் என்பதை நாம் முடிவு செய்யலாம். அதற்கு ஹெச்.சி.ஜி., கோருலான் என்ற பெயரில் கேட்டிருப்பீர்கள். கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து எடுப்பது, குதிரையின் உடம்பு இதை எல்.ஹெச். என்றே எடுத்துக்கொள்கிறது. 1500 முதல் 3000 யூனிட் ரத்தக்குழாயில் போட்டால் பெரும்பாலான குதிரைகளில் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் முட்டை வெளியாகும். இதற்கும் நிபந்தனை இருக்கிறது: ஃபாலிக்கிள் 35 மி.மீ. தொட்டிருக்க வேண்டும், மட்டக்குதிரைகளில் கொஞ்சம் சிறியதிலும் வெடிக்கும். அத்தோடு கருப்பைச் சுவர் நீர் கோத்து ஊதியிருக்க வேண்டும். ஸ்கேன் திரையில் அது எப்படியிருக்கும் என்று கேட்டால், ஏற்காட்டு ஆரஞ்சைக் குறுக்கே வெட்டினால் சுளைகள் நடுவிலிருந்து விரிந்து தெரியுமே, அச்சு அசலாக அப்படி. ஃபாலிக்கிள் கறுப்பு வட்டமாகத் தெரியும், வெடிக்கப்போகும் நேரத்தில் வட்டம் கொஞ்சம் கோணி, பேரிக்காய் மாதிரி ஒரு பக்கம் கூம்பும். ஆரஞ்சு தெரியாமல் வட்டம் மட்டும் பெரிதாக இருந்தால் அவசரப்படாதீர்கள்.

ஒரே குதிரைக்கு ஒரே சீசனில் ஹெச்.சி.ஜி.யைத் திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி, வேகம் குறையலாம். இரண்டு தடவைக்கு மேல் நான் போடுவதில்லை. அதற்குப் பதில் ஜி.என்.ஆர்.ஹெச். வகை மருந்துகள் உண்டு. வெளிநாட்டில் டெஸ்லோரெலின் போடுகிறார்கள், சுமார் 40 மணி நேரத்தில் முட்டை வரும். நம் ஊர் மருந்துக்கடையில் மாட்டுக்கு விற்கிற பியூசெரெலினும் இந்த வகைதான், ஆனால் மாட்டு அளவு ஒரு ஊசியில் குதிரைக்கு நம்பிக்கையாக வேலை செய்யாது, அதைத் தனியாக டாக்டரிடம் பேசுங்கள்.

ஹெச்.சி.ஜி. போட்ட நாளே சேர்த்துவிடலாம், நேரடிச் சேர்க்கைக்கு அது போதும். குளிரூட்டிய விந்து என்றால் முட்டைக்கு ஒரு நாள் முன்னால். உறைவிந்து என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்த்து, முட்டை வெளியாவதை ஒட்டிப் போட வேண்டும், நம் மாதிரி ஆட்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஹரியானாவில் ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அதன் பிகானேர் கிளையில் 2023-ல், ஒரு குதிரையின் கருவை இன்னொன்றின் கருப்பையில் வைக்கிற கருமாற்ற முறையிலேயே மார்வாரி இனக் குட்டி ஒன்று பிறந்தது. அங்கே செய்வதெல்லாம் கடைசியில் இந்த இரண்டு ஊசிகளின் கணக்குத்தான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன் பிடிக்க ஆள் இருக்கிறது.

வயதான பெட்டைகளில் சேர்த்த பிறகு கருப்பையில் நீர் தேங்கும். சேர்த்து நாலு முதல் எட்டு மணி நேரத்தில் டாக்டர் கருப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் கொஞ்சம் போட்டால் வெளியேறிவிடும். கரும்பிக்கு இரண்டு வருஷம் சினை நிற்காமல் போனதற்கு இதுதான் காரணம், ஹார்மோன் குறை எதுவும் இல்லை.

சேர்த்த பிறகு

முட்டை வெளியாகி 14-ஆம் நாளிலிருந்து 16-ஆம் நாளுக்குள் ஒரு ஸ்கேன் கட்டாயம். சினையா இல்லையா என்பது மட்டுமில்லை, இரட்டையா என்று பார்க்க. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரட்டை என்றால் சந்தோஷம், குதிரைக்கு அது ஆபத்து. பெரும்பாலும் இரண்டும் கலையும், தப்பினாலும் நோஞ்சானாகப் பிறக்கும், தாயும் போகலாம். கரு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிற அந்த நாட்களில் டாக்டர் ஒன்றைத் தனியாக ஒதுக்கி நசுக்கிவிடுவார், மற்றது நிற்கும். 16-ஆம் நாள் தாண்டி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் கஷ்டம்.

28, 30 நாளில் இன்னொரு ஸ்கேன், இதயத் துடிப்புக்கு. இந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். 35 நாளுக்குப் பிறகு கருப்பையில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் மாதிரி முளைத்து, அவை ஒரு ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கும். 1930-ல் கோல், ஹார்ட் இருவரும் சினைக் குதிரையின் ரத்தத்தில் கண்டுபிடித்தது இதைத்தான், பி.எம்.எஸ்.ஜி. என்று மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுகிறார்களே, அதுவே. வேடிக்கை என்னவென்றால், குதிரையிலிருந்து எடுக்கிற அந்த மருந்து குதிரையின் சினைப்பையை மட்டும் அசைக்காது, ஆகவே யாராவது அதைப் பருவத்துக்கென்று போடச் சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அந்தக் கிண்ணங்கள் முளைத்த பிறகு கரு கலைந்தால், கரு போனாலும் கிண்ணங்கள் போகாது. 120 நாள் வரைக்கும் அவை சுரந்துகொண்டே இருக்கும், குதிரை ஒழுங்கான பருவத்துக்குத் திரும்பாது, புராஸ்டாகிளாண்டினும் எடுபடாது. அந்த வருஷம் போயிற்று. 35-க்கு முன்னால் தெரிந்தால் ஓர் ஊசியில் மறுபடி தொடங்கலாம்.

குட்டி ஈன்ற பெட்டைக்கு ஒரு கணக்கு. சினைக்காலம் சுமார் 340 நாள். வருஷத்துக்கு ஒரு குட்டி என்றால் ஈன்ற 25 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். ஈன்று ஒரு வாரம் பத்து நாளில் முதல் பருவம் வந்துவிடும், ஆனால் கருப்பை அதற்குள் முழுசாகச் சுருங்கியிருக்காது, நஞ்சுக்கொடி விழத் தாமதமான குதிரைக்கு அந்தப் பருவத்தில் சேர்க்கவே வேண்டாம். அந்த முட்டை வெளியாகட்டும், ஆறேழு நாள் விட்டு புராஸ்டாகிளாண்டின் போடுங்கள், அடுத்த பருவம் இரண்டு வாரம் காத்திருக்காமல் வந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த ஊசிக்கு இதைவிட நல்ல உபயோகம் வேறில்லை.

பத்துப் பன்னிரண்டு குதிரை வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொண்டுவர புரோஜெஸ்ட்ரோனும் ஈஸ்ட்ரடயோலும் கலந்து தினமும் பத்து நாள் போட்டு, கடைசி நாள் புராஸ்டாகிளாண்டின் போடுவார்கள். இரண்டு மூன்று குதிரைக்கு அது வீண் செலவு.

பருவமே வேண்டாம் என்பவர்களுக்கு

சவாரிக்காரர்களின் கேள்வி இது. பெட்டை பருவத்தில் இருந்தால் ஆண் மட்டக்குதிரைகள் வரிசையில் நிற்காது, மேலே உட்கார்ந்திருக்கும் குழந்தை அலறும். ஆல்ட்ரெனோஜெஸ்ட் என்ற எண்ணெய் மருந்தைத் தீவனத்தில் தினமும் கிலோவுக்கு 0.044 மி.கி. வீதம், 300 கிலோ குதிரைக்கு ஏறத்தாழ 13 மி.கி., கொடுத்தால் கொடுக்கிற வரைக்கும் பருவம் அடங்கியிருக்கும். பெண்கள் இதையும் தொடக் கூடாது, மாதவிடாயே மாறிப்போகும்; யார் தொட்டாலும் நைட்ரைல் கையுறை போட வேண்டும், சாதாரண லேட்டக்ஸ் உறையை இது ஊடுருவும். இன்னொரு வழி, முட்டை வெளியான 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை தினமும் 60 யூனிட் ஆக்சிடோசின் சதையில் போட்டு மஞ்சள் உடலத்தைக் கரையவிடாமல் வைப்பது. பாதிக்கு மேற்பட்ட குதிரைகளில் வேலை செய்யும், எல்லாவற்றிலும் இல்லை. கருப்பைக்குள் கோலிக்குண்டு போடுவது என்று ஒரு பழைய வித்தை உண்டு, அதை இப்போது டாக்டர்களே வேண்டாம் என்கிறார்கள், உள்ளே உடைந்தால் யார் எடுப்பது?

ஆனால் மருந்துக்குப் போவதற்கு முன்னால் நோட்டைப் பாருங்கள். குதிரை முரண்டு பிடிக்கிற நாட்களும் பருவ நாட்களும் ஒத்துப் போகின்றனவா? நான் பார்த்த பாதி இடங்களில் ஒத்துப் போகவில்லை. சேணம் முதுகை அறுத்துக்கொண்டிருந்தது. மாறாக, மாதம் முழுக்கப் பொலிகுதிரை மாதிரி நடந்துகொண்டு மற்றப் பெட்டைகள்மேல் ஏறினால் சினைப்பையில் கட்டி இருக்கலாம், ஸ்கேன் எடுங்கள்.

கடைசியாகத் தேதி வைப்பது. மேலே தோட்டத்தில் குதிரை நின்றால் நான் புராஸ்டாகிளாண்டினைப் புதன்கிழமைதான் போடச் சொல்வேன். சனி, ஞாயிறில் பருவம் எட்டிப் பார்க்கும், அன்றைக்கு நான் ஆண்குதிரையைக் காட்டிப் பார்த்தால் போதும், டாக்டர் தேவையில்லை. திங்கள் ஸ்கேன், செவ்வாய் அல்லது புதன் ஹெச்.சி.ஜி.யும் சேர்க்கையும், வியாழன் வெள்ளியில் முட்டை. திங்களன்று போட்டால் ஸ்கேன் நாள் சனிக்கிழமையில் வந்து விழும், மே மாதம் கோடை விழா சமயமாக இருந்தால் அன்றைக்கு அடிவாரத்திலிருந்து வண்டி மேலே ஏறவே இரண்டு மணி நேரம் ஆகும், குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனாலும் பெரிய லாபமில்லை. ஹெச்.சி.ஜி. மருந்தைக் கலக்கிய பிறகு வெயிலில் வைக்கக் கூடாது. டாக்டர் அதைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு வைத்து, பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துக்கொண்டு வருவார்.